ஜாக்கியின் வண்டிக்குள் பெய்த மழை

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, மார்தட்டித்தான் சொல்கிறேன். ஒரு திருப்புளியும் கிழிந்த தார்ப்பாயும் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்தவன், இன்று தகரக் கூரை போட்ட பட்டறைக்கு முதலாளி. இந்த வட்டாரத்தில் ஓடுகிற பழைய வண்டிகளில் பாதி என் கை பட்டவை. மீதிப் பாதி என் கை படாததால் ஒழுகிக்கொண்டே ஓடுகின்றன. என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தாள் போதாது. ஆனால் இது என் கதை இல்லை, என் கொழுந்தியாளின் கதை.

என் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை அவள். ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜாக்கி என்றால்தான் தெரியும். சக்கரம் மாற்றும்போது ஜாக்கியைச் சுழற்ற ஒரு இரும்புக் கம்பி இருக்குமே, அதை அவள் ஓட்டும் இருக்கைக்குப் பக்கத்தில் கை எட்டுகிற இடத்தில் சொருகி வைத்திருப்பாள். அந்தக் கம்பி ஜாக்கிக்குப் பயன்பட்டதைவிட ஆட்களுக்குப் பயன்பட்டதுதான் அதிகம். ஆள் குள்ளம். தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவன் தோள். சரக்குச் சந்தையில் அவள் வண்டி பின்னால் வருகிறது என்று தெரிந்தால், வரிசையில் குறுக்கே நிற்கிற வண்டிகள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

ஒதுங்காத ஒருவன் இருந்தான். வெங்காய வண்டிக்காரன். அவள் முறை வந்தபோது குறுக்கே வண்டியை விட்டு மறித்தான். ஹாரன் அடித்தாள். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வாயில் வரக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னான். அவள் இறங்கிப் போனாள். கம்பி அவன் தாடையில் விழுந்த சத்தம் தராசுக் கடை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். பல நாள் அவன் கஞ்சியைக் குழாய் வைத்துக் குடித்தான்.

அந்தத் தடவை ஸ்டேஷனில் நான்தான் போய்க் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் கெஞ்சினேன். பெரிய அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தார். இன்னொரு புகார் வந்தால் உள்ளேதான், எவன் வந்து நின்றாலும் வெளியே விடமாட்டேன் என்றார். அவளுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற வயசு. அம்மா உள்ளே போனால் மகளைக் கொண்டுபோக மாமியார்க்காரி தயாராக உட்கார்ந்திருந்தாள். மகன் செத்த நாளிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பேத்தியைத்தான். ஆக, ஜாக்கி இன்னொரு முறை கையை ஓங்கினால் போவது அவள் மட்டுமில்லை, மகளும்தான். இது அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இவளுக்குக் கை நீளும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புருஷன் வீட்டிலிருந்துதான். அவள் புருஷன் அடிக்கிறவன். குடித்துவிட்டு அடிக்கிறவனுக்குக் காலையில் தெளியும். இவன் தெளிவாக இருந்துகொண்டே அடித்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடிப்பான், கசங்கக் கூடாது பாருங்கள். அவன் தம்பியும் அதே வீட்டில்தான் இருந்தான். அண்ணன் அண்ணியை அடிக்கும்போது அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தடுத்ததும் இல்லை, போனதும் இல்லை.

பிக்கப் வண்டி புருஷன் வாங்கியது. வாங்கும்போதே பழசு. ஒரு மழை நாளில் சந்தை வாசலில் ஏதோ வாக்குவாதம். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவளைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தான். இழுக்கும்போது அவள் கை தடவிய இடத்தில் அந்தக் கம்பி கிடந்தது. அவன் முன்கை இரண்டாக மடிந்தது. அதற்குப் பிறகு அவன் அவளைத் தொடவில்லை. கை கட்டுப் போட்டுக் கிடந்த நாட்களில் வண்டியை யார் ஓட்டுவது? அவள் ஓட்டினாள். கட்டுப் பிரித்த பிறகு அவன் சாவியைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. அவன் லாரி ஓட்டப் போனான். கொஞ்ச காலத்தில், லாரிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது பூட்டு வளையம் தெறித்து நெற்றியில் அடித்தது. அங்கேயே முடிந்தான். அவள் அழவில்லை. அழாததற்கும் மாமியார்க்காரி அவளைப் பேசினாள்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

அந்த வண்டியின் முன் கூண்டு மழை பெய்தால் ஒழுகும். ஒழுகும் என்றால் சொட்டுச் சொட்டாக இல்லை. ஓட்டுகிறவள் கால் வைக்கிற இடத்தில் குளம் கட்டும். மிதியடியை மிதித்தால் சேற்றில் நடக்கிற சத்தம் வரும். அவள் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு ஓட்டினாள். போகிற இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆளுக்கு ஒரு குழாய் சிலிகான் பசை பிதுக்கினார்கள். கண்ணாடியைச் சுற்றி அது காய்ந்த பால் ஆடை மாதிரி தடித்துக் கிடந்தது. அப்படியும் குளம் வற்றவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் தண்ணீர் வருவது திருடன் வீட்டுக்குள் வருகிற மாதிரி. நுழைகிற இடம் வேறு, பிடிபடுகிற இடம் வேறு. எங்கேயோ உச்சியில் நுழைந்து, கண்ணாடி ஓரத் தூணுக்குள் இறங்கி, கதவுக்குக் கீழே ஓடுகிற தகரப் பெட்டிக்குள் நடந்து, கடைசியில் உங்கள் காலடியில் வந்து நிற்கும். நனைந்த இடத்தில் பூசுகிறவன் மடையன்.

அப்படியானால் நீ ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பீர்கள். கொண்டுவந்தாள். பட்டறையில் நிறுத்திவிட்டு, காலில் பிளாஸ்டிக் பையோடு இறங்கினாள். என் பெயிண்டர் பார்த்துவிட்டு, காலைப் பொட்டலம் கட்டி யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டான். சிரிக்கத்தான் கேட்டான். அவள் பக்கத்தில் இருந்த பிரைமர் டப்பாவை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள். மண்டை பிளந்து, ரத்தமும் சாம்பல் நிற பிரைமரும் சேர்ந்து அவன் முகத்தில் வழிந்தது. அவன் நல்லவன், நான் சொன்னதால் புகார் கொடுக்கவில்லை. ஆனால் நான் கட்டின பட்டறையில் கை நீட்டினால் எவளானாலும் வெளியேதான். இனிமேல் இந்த வாசல் மிதிக்கக் கூடாது என்றேன். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க கூரையே ஒழுகுது மாமா. நீங்க என் வண்டிய அடைக்கப் போறீங்களாக்கும்" என்றாள்.

அன்றைக்குப் பார்த்துக் கூரை ஒழுகியது உண்மைதான். மறுநாளே தகரத்தை மாற்றிவிட்டேன்.

இப்படி நான் துரத்திவிட்ட வண்டியைத்தான் அவள் கொழுந்தன் கேட்டு வந்தான். அந்த வாசல் நிலைக்காரன். தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் அடைப்பது அவன் தொழில். மொட்டைமாடித் தொட்டி, நிலத்தடித் தொட்டி எல்லாவற்றிலும் உள்ளே இறங்கி, விரிசலைச் சுரண்டி, கருப்புப் பசை பூசி வருவான். அதனால் ஊரில் அவன் பெயர் தொட்டி. அதிகம் பேசமாட்டான். ஈரத்திலேயே ஊறிக்கிடந்து விரல் நுனியெல்லாம் எப்போதும் வெளுத்திருக்கும். அண்ணி, வண்டியை ஒருநாள் என்கிட்ட விடுங்க என்று கேட்டான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. ஆனால் மகளை நனைந்த இருக்கையில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய், பிள்ளை இருமத் தொடங்கியிருந்தது. சாவியை அவன் முன்னால் தரையில் போட்டாள். அவன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் முழுக்க வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். இனி ஒரு சொட்டு ஏறாது என்றான்.

அந்த மழைக்காலம் முழுக்கக் குளம் குறையவில்லை, கூடியது. அடுத்த மழைக்காலத்தில் கூண்டுக்குள் செத்த எலி நாற்றம். கதவைத் திறந்து மூடினால் உள்ளே குடம் குலுங்குகிற மாதிரி சத்தம் வரும் என்று அவளே பிறகு சொன்னாள். என்னிடம் வர அவளுக்கு ரோஷம். வா என்று கூப்பிட எனக்கு ரோஷம். நடுவில் கிடந்து தகரம் அழுகியது.

ஒரு காலை, நல்ல மழை. வண்டி நிறைய உருளைக்கிழங்கு. சந்தையிலிருந்து இறங்குகிற சரிவில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை ஏறி மிதித்தாள். வண்டி நின்றது, இருக்கை நிற்கவில்லை. அதைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் அப்பளத்தைப் பிய்க்கிற மாதிரி தரையைப் பிய்த்துக்கொண்டு வந்தன. அவள் இருக்கையோடு சேர்ந்து பறந்து ஸ்டியரிங்கில் மோதினாள். முன்பற்கள் உடைந்து உதட்டுக்கு வெளியே வந்தன. பிரேக்கிலிருந்து கால் எழுந்துவிட்டதால் வண்டி மறுபடி உருண்டு, கீழே டயர் கடையின் பழைய டயர் அடுக்கில் போய் முட்டி நின்றது. தள்ளுவண்டிக்காரன் மயிரிழையில் தப்பினான். சாலை முழுக்க உருளைக்கிழங்கு.

அவளாகவே இறங்கினாள். ரத்தத்தைத் துப்பினாள். தரை எப்படிப் பிய்ந்தது என்று குனிந்து அடியில் பார்த்தாள். டயர் கடைக்காரனும் குனிந்து பார்த்தான். கதவுக்குக் கீழ்ப் பெட்டியில் வரிசையாகக் கருப்புப் பசை அடைத்திருந்தது. கதவின் அடியிலும் அப்படியே. டயர் கடைக்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தண்ணி வடியிற ஓட்டையெல்லாம் எவனோ வேணும்னே அடைச்சிருக்கான், இது ஆளைக் கொல்லப் பண்ண வேலை என்றான். அவள் கூண்டுக்குள் கையை விட்டுக் கம்பியை உருவிக்கொண்டு நடந்தாள்.

டயர் கடையிலிருந்து என் பட்டறைக்கு ஆள் ஓடி வந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். என் முழங்காலில் தேய்மானம், ஆனாலும் இந்த வயதில் நான் ஸ்கூட்டரை உதைக்கிற உதையை வாலிபனிடம் பார்க்க முடியாது. முதலில் வண்டி கிடந்த இடத்துக்குப் போனேன். ஒரு நிமிஷம்தான் அடியில் படுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். தொட்டி அன்றைக்கு எங்கே வேலை செய்கிறான் என்று டயர் கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. வாடகைக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்கம், நிலத்தடித் தொட்டி.

நான் போய்ச் சேர்ந்தபோது காவலாளி தன் அறைக்குள் போய் உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டிருந்தான். பின்பக்கம் சிமெண்டுத் தரையில், ஒரு ஆள் தோள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய். இரும்பு மூடி ஓரமாகக் கிடந்தது. ஏணியும் வெளியே கிடந்தது. ஜாக்கி அந்தக் குழி வாய்க்குப் பக்கத்தில் கம்பியோடு நின்றாள். முகத்தில் பாதி வீங்கி, தாடையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. குழியின் சிமெண்டு விளிம்பிலும் ரத்தம் இருந்தது, அது அவளுடையது இல்லை.

நடந்ததை அவள் ஒரு மூச்சில் சொன்னாள். இவள் குரலைக் கேட்டு அவன் ஏணியில் ஏறி வந்திருக்கிறான். இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றியிருக்கிறான். அவள் ஒரு கை மேல் கம்பியை இறக்கினாள். அவன் உள்ளே விழுந்தான். இவள் ஏணியை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு சுவரில் இருந்த வால்வைத் திறந்துவிட்டாள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவன் தொடை வரை தண்ணீரில், உடைந்த கையை இன்னொரு கையில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான்.

"கிட்ட வராதீங்க மாமா. உங்களுக்கும் சேர்த்து ஒண்ணு இருக்கு" என்றாள். பல் போன வாயில் பாதிக் காற்றாக வந்தது.

"இருக்கட்டும். அதைக் குடுக்கிறதுக்கு முன்னாடி இவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்" என்றேன்.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். மண்டியிட்டு, குழி வாய்க்குள் தலையை விட்டேன். அவள் நினைத்திருந்தால் என் பிடரியிலேயே போட்டிருக்கலாம்.

"டேய் தொட்டி. வண்டிக்கு அடியில இருந்த ஓட்டையெல்லாம் எதுக்குடா அடைச்ச?"

அவன் குரல் தொட்டிச் சுவரில் மோதி மோதி வந்தது. "அண்ணி கால் நனையுதுன்னாங்க. பாத்தேன். தண்ணி தரையில நின்னுச்சு. தரையில தண்ணி இருந்தா அடியிலதானண்ணே ஓட்டை இருக்கணும். தேடினேன், இருந்துச்சு. ரோட்டுத் தண்ணி அது வழியா ஏறுதுன்னு அடைச்சேன்."

"அது வண்டி செஞ்சவனே விட்ட ஓட்டைடா. உள்ள வந்த தண்ணி வெளிய வடியிறதுக்கு."

அவன் அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"அடியில ஓட்டைய யாராவது வேணும்னே விடுவாங்களாண்ணே?" என்றான். "தொட்டியில அப்படி ஒண்ணு விட்டுட்டு வந்தா என்னைச் செருப்பால அடிப்பாங்க."

அவனுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அடியில் ஓட்டை தேடியே சோறு தின்றவன். ஆனால் அவள் நம்பவில்லை, நடிக்கிறான் என்றாள். தண்ணீர் அவன் இடுப்புக்கு ஏறியிருந்தது. நான் எழுந்து அவள் முன்னால் நின்றேன்.

"நான் அடியில படுத்துப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தி உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கான். துரு ஒரு பொட்டு இல்ல. ரெண்டு பூச்சு பூசி, ஈர விரலால வழிச்சிருக்கான், ரேகை கூடத் தெரியுது. என் பட்டறையிலகூட அவ்வளவு சுத்தமா ஒருத்தன் செய்ய மாட்டான். கொல்ல நெனச்சவன் தகரத்துக்கு உப்புத்தாள் போட்டுட்டு இருப்பானா? முட்டாள்தனம்டி இது. கொலை இல்ல."

என் பட்டறையை விட ஒருவன் வேலை உசத்தி என்று என் வாயால் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவளுக்கும் அது தெரியும். கம்பி கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் வால்வின் பக்கம் அவள் போகவில்லை. குழி விளிம்பில் போய்க் குந்தினாள்.

"அது போகட்டும். உங்கண்ணன் என்னை அடிக்கும்போதெல்லாம் வாசல்ல நின்னியே. அதைச் சொல்லு. ஏன் நின்ன?"

தண்ணீர் அவன் விலாவைத் தொட்டது.

"நடுவுல வந்தா என்னையும் அடிப்பான் அண்ணி. சின்ன வயசுலேர்ந்து அடிச்சிருக்கான். உங்க மேல விழும்போது... என் மேல விழலையேன்னு நின்னேன்."

அவள் அப்படியே குந்தியிருந்தாள். நான் வால்வை மூடப் போகலாமா என்று யோசித்தேன். போனால் காரியம் கெட்டுவிடும் என்று நின்றேன். அவளே எழுந்து போய் வால்வைத் திருகினாள். ஏணியை இறக்கினாள். ஒற்றைக் கையால் அவனால் ஏற முடியவில்லை. அவள் சிமெண்டில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பொத்தான்கள் தெறித்தன. பாதி உடம்பு வெளியே வந்ததும் இன்னொரு கையால் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தாள். அவன் மறுபடி உள்ளே போகாமல் இருந்தது அவள் காலரை விடாததால்தான்.

"இது வண்டிக்கு இல்ல. அன்னைக்கு நின்னதுக்கு" என்றாள்.

இரண்டு பேரையும் என் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். ஒருத்திக்கு வாயில் தையல், ஒருத்தனுக்குக் கையில் மாவுக்கட்டு. கை எப்படி நசுங்கியது என்று கேட்டார்கள். தொட்டி மூடி விழுந்துவிட்டது என்றான் அவன். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். வாசலில் நின்ற அவளிடம் என் பெயிண்டரே, உள்ளே வாங்கக்கா என்றான். அவன் மண்டையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இருக்கைகளைக் கழற்றி, மிதியடியை உரித்து, அதற்கடியில் ஊறிக்கிடந்த பஞ்சைப் பிழிந்து எறிந்தேன். தரையில் என் தலை நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். தொட்டி பூசிய பசையை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் துருத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தொட்டி கட்டுப் போட்ட கையோடு நின்று அதைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. பிறகு கூண்டைத் துடைத்து, மழை விட்டு அடித்த வெயிலில் காயவைத்து, தூண்களின் அடியில் செய்தித்தாளை ஒட்டினேன். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அவசரக்காரன் கூரையில் குழாயைத் திருப்புவான். எல்லாம் நனைந்துவிடும், ஒன்றும் தெரியாது. நான் கீழிருந்து தொடங்குவேன். கதவடி, பொறுத்திரு. கண்ணாடியின் கீழ் ஓரம், பொறுத்திரு. பக்க ஓரம், பொறுத்திரு. தொட்டியைக் கூண்டுக்குள் உட்காரவைத்தேன். ஜாக்கி பக்கத்தில் நின்றாள். என் மனைவியும் தங்கச்சியைக் காவல் காக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஒன்றும் இல்லை, பக்கத்திலும் ஒன்றும் இல்லை. கண்ணாடியின் மேல் ஓரத்துக்கு, ஓட்டுகிற பக்கத்து மூலைக்குக் குழாயைக் கொண்டுபோனேன். தாள் இன்னும் நனையவில்லை. அதற்குள் தொட்டி தூணில் காதை வைத்தான்.

"அண்ணே, உள்ள நடக்குது" என்றான்.

ஒழுகுகிற தொட்டிச் சுவர்களில் ஒட்டிப் பழகிய காது. கொஞ்சம் பொறுத்துத் தாளும் நனைந்தது.

அந்த மூலையில் சிலிகானை வெட்டி, கண்ணாடி ரப்பரைத் தூக்கினேன். உள்ளே கூரை விளிம்பு நெளிந்திருந்தது. விரல் தடிமனில், நீளவாக்கில், ஒரே போடாக விழுந்த நெளிவு. ரப்பர் அங்கே தகரத்தில் உட்காரவே இல்லை. வாய் பிளந்துகொண்டிருந்தது. எது இடித்தது என்று கேட்டேன். ஜாக்கி ஏறி வந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"அவன் மயிரைப் பிடிச்சு இழுத்த அன்னைக்கு. மொத வீச்சு தப்பிடுச்சு மாமா, கூரையில விழுந்துச்சு. ரெண்டாவதுதான் அவன் கைக்குப் போச்சு" என்றாள். பிறகு தையல் போட்ட வாயோடு சிரித்தாள். "செத்தும் என் காலை நனைச்சிருக்கான் பாருங்க."

அப்போதுதான் ஏட்டு வந்தார். குடியிருப்பின் காவலாளி தாழைத் திறந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். ஏட்டு நிதானமாக சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். ஜாக்கியைப் பார்த்தார். கூண்டுக்குள் தலையை நீட்டி, தொட்டியின் மாவுக்கட்டைப் பார்த்தார். இது யார் செய்தது, பயப்படாமல் சொல், உன் அண்ணிதானே என்று கேட்டார்.

"மூடி விழுந்துச்சு சார்" என்றான் தொட்டி.

ஏட்டு நம்பவில்லை. காவலாளி கம்பியோடு ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறானே என்றார். அவங்க என்னைத் தூக்கி விட வந்தவங்க சார், கம்பியால மூடிய நெம்பினாங்க என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் சொல்கிற பொய். காது சிவந்துவிட்டது.

இப்போது என் கொழுந்தியாளைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு அடி வாங்கப் பிடிக்காது, அதைவிட ஒருவன் தயவில் நிற்கப் பிடிக்காது. அவள் முன்னால் ஓர் அடி வைத்து, "சார், நான்தான்..." என்று தொடங்கினாள். என் மனைவி ஸ்டூலை விட்டு எழுந்ததை நான் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கை தங்கச்சியின் வாயில் போய் அப்பியதைத்தான் பார்த்தேன். தையல் போட்ட வாயில், உடைந்த பல்லில். ஜாக்கி அலறிய அலறலில் கூரைப் புறாக்கள் பறந்தன. அக்காவின் கையைப் பிடித்து முறுக்கினாள். என் மனைவி விடவில்லை. இரண்டு பேரும் ஆயில் தரையில் வழுக்கி விழுந்து உருண்டார்கள்.

"பல்லு வலி சார். வலி வந்தா இப்படித்தான் உளறுவா" என்றாள் என் மனைவி, தரையில் தங்கச்சி மேல் உட்கார்ந்தபடி.

ஏட்டு கொஞ்ச நேரம் அந்தக் காட்சியைப் பார்த்தார். அடிபட்டவனே புகார் இல்லை என்கிறபோது அவர் என்ன செய்வார்? அடுத்த தடவை மூடி விழாது, நான் விழுவேன் என்று ஜாக்கியிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஜாக்கி எழுந்தாள். வாய்த் தையல் பிரிந்து மறுபடி ரத்தம். கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள்.

"ஏண்டா பொய் சொன்ன? உன்கிட்ட நான் கேட்டேனா?"

அவன் பின்வாங்கவில்லை. பின்வாங்க அந்தக் கூண்டுக்குள் இடமும் இல்லை.

"நீங்க உள்ள போனா பாப்பாவ எங்கம்மாதான் வளர்ப்பாங்க அண்ணி" என்றான். "அவங்க வளர்த்த ரெண்டு பேரத்தான் நீங்க பாத்துட்டீங்களே."

அவள் வலது கை ஒருமுறை விரிந்து மூடியது, எனக்குத் தெரிந்தது. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெல்டிங்கைப் போடுங்க மாமா. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு."

ஒரு வேளையில் முடிகிற வேலையா அது? ஆனாலும் முடித்தேன், என்னால்தான் முடியும். புதுத் தகரத்தை ஜாக்கி ஒரு பக்கம் மிதித்துப் பிடித்தாள். இன்னொரு பக்கம் தொட்டி தன் நல்ல கையால் பிடித்தான். நான் பொறி பறக்க ஒட்டினேன்.